பீட்டர் பேன் காலரும் மோட் ஆடம்ஸும்

தையல் வகுப்பில் பீட்டர் பேன் காலர் வெட்டச் சொல்லிக்கொடுக்கும்போது ஒரு மாணவி, "மிஸ், காலருக்குப் போய் ஏன் ஒரு ஆள் பேர்?" என்று கேட்டாள். தேடிப் பார்த்ததில் யாரோ ஒரு அமெரிக்க நாடக நடிகையால் வந்தது என்று தெரிந்தது. அவர் யார், எப்படி வாழ்ந்தார் என்று விவரமாகச் சொல்ல முடியுமா? இதுதான் உங்கள் கேள்வி. அந்த நடிகையின் பெயர் மோட் ஆடம்ஸ். பழைய மேடைக் கலைஞர்களைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் காலரை முடித்துவிடுவோம். 1905-ல் நியூயார்க்கில் 'பீட்டர் பேன்' நாடகம் போட்டபோது, ஓவியர் ஜான் வைட் அலெக்சாண்டரின் துணையோடு மோட் ஆடம்ஸ் தன் உடையை அமைத்துக்கொண்டார். நாடகப்படி பீட்டர் வளரவே மறுக்கிற, இலைகளை உடுத்திய பையன். அவருடைய புகைப்படங்களில் நாம் பார்ப்பது தளர்வான மேல்சட்டை, இறகு செருகிய தொப்பி, அப்புறம் கழுத்தைச் சுற்றி அப்படியே தோளில் படிந்து கிடக்கும் அந்தக் காலர். பட்டி வைத்து விறைப்பாக நிற்கிற ரகம் இல்லை. மேடை முழுக்க ஓடித் தாவ வேண்டிய பையனுக்குக் கழுத்து இறுகாத உடுப்பு. நாடகம் ஊரெல்லாம் ஓடியபோது பெண்கள் சட்டையிலும் குழந்தைகள் உடுப்பிலும் அந்தக் காலர் ஏறிக்கொண்டது, பெயரும் சேர்ந்தே வந்தது. 1904-ல் லண்டனில் முதன்முதலாகப் பீட்டராக நடித்தவர் நீனா பூசிகால்ட். ஆனால் காலர் நியூயார்க் மேடையிலிருந்து வந்ததுதான்.

சரி, ஆள் யார்?

1872 நவம்பர் 11 அன்று யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியில் பிறந்தார். முழுப் பெயர் மோட் ஈவிங் ஆடம்ஸ் கிஸ்காடன். அப்பா ஜேம்ஸ் கிஸ்காடன். அம்மா ஆனி ஆடம்ஸ் உள்ளூர் நாடகக் குழுவில் நடிகை. மகள் மேடைக்கு எடுத்துக்கொண்டது அம்மாவின் குடும்பப் பெயரைத்தான்.

அவர் முதலில் மேடையேறிய கதை நாடகக்காரர்கள் விரும்பிச் சொல்வது. 'தி லாஸ்ட் பேபி' என்று ஒரு சிரிப்பு நாடகம். அதில் ஒரு குழந்தையைப் பெரிய தட்டில் வைத்துத் தூக்கி வருவார்கள். அன்று அதற்காகக் கொண்டுவந்திருந்த குழந்தை ஓயாமல் வீறிட்டு அழுதது. மேடையோரம் ஆனி ஆடம்ஸின் கையில் மோட் இருந்தாள். பார்த்தார்கள், அந்தக் குழந்தையை எடுத்துவிட்டு இவளைத் தட்டில் வைத்து அனுப்பிவிட்டார்கள். இவள் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து விளக்குகளையும் ஆட்களையும் வேடிக்கை பார்த்தாளாம். விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவர் வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்பினாலும் விளக்கு வந்து நிற்கும்.

1877-ல், ஐந்து வயதுகூட நிரம்பாதபோது சான் பிரான்சிஸ்கோவில் குழந்தை வேடங்கள். பத்து, பதினொன்று வயதானதும் குழந்தை வேடத்துக்கு வளர்ந்துவிட்டாள், பெரிய வேடத்துக்கு இன்னும் வளரவில்லை. அந்த இடைப்பட்ட வயது எந்தக் குழந்தை நட்சத்திரத்துக்கும் கஷ்டமானது. 1883-ல் அப்பாவும் இறந்துபோனார். பாட்டி வீட்டில் இருந்துகொண்டு சால்ட் லேக் சிட்டியில் பள்ளிக்குப் போனாள். ஆனால் படிப்பில் கால் ஊன்றவில்லை, மேடைதான் வேண்டும் என்று அம்மாவிடம் திரும்பினாள். 1888-ல் நியூயார்க் வந்தபோது வயது பதினாறு.

அங்கே அவரைக் கண்டெடுத்தவர் சார்ல்ஸ் ஃப்ரோமன். அந்தக் காலத்து அமெரிக்க நாடக உலகில் இவரைவிடப் பெரிய தயாரிப்பாளர் கிடையாது என்றே சொல்லலாம். ஒரே சமயத்தில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கொட்டகை நடத்தியவர். 1890-ல் ஆடம்ஸைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1892-ல் ஜான் ட்ரூ என்ற பெரிய நடிகருக்கு ஜோடியாக 'தி மாஸ்க்டு பால்' நாடகத்தில் போட்டார். அதில் கணவனுக்குப் பாடம் புகட்டுவதற்காக மனைவி லேசாகக் குடித்திருப்பதுபோல நடிக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் ஆபாசம், கொஞ்சம் குறைந்தால் காட்சியே விழுந்துவிடும். இருபது வயதுகூட ஆகாத பெண் அதைக் கையாண்ட விதத்தைப் பார்த்துவிட்டு நியூயார்க் அவர் பெயரைக் கேட்க ஆரம்பித்தது. அடுத்த சில வருடங்கள் ட்ரூவுடன்தான்.

1896-ல் ஸ்காட்லாந்துக்காரரான எழுத்தாளர் ஜே. எம். பேரி, பிற்பாடு 'பீட்டர் பேன்' எழுதியவர், நியூயார்க் வந்திருந்தார். அவருடைய 'தி லிட்டில் மினிஸ்டர்' நாவலை நாடகமாக்கச் சொல்லி ஃப்ரோமன் கேட்டுக்கொண்டே இருந்தார், பேரிக்கு மனம் வரவில்லை. கதாநாயகி பாபியாக நடிக்க ஆள் எங்கே என்பது அவர் கவலை. ஒரு நாள் எம்பயர் தியேட்டரில் 'ரோஸ்மேரி' நாடகத்தைப் பார்க்கப் போனவர், ஆடம்ஸைப் பார்த்ததும் பாபி கிடைத்துவிட்டாள் என்று முடிவு செய்துவிட்டார். நாடகத்தை எழுதும்போதே அவரை நினைத்துக்கொண்டு, நாவலில் பாதிரியார் பக்கம் சாய்ந்திருந்த கதையைப் பாபி பக்கம் திருப்பினார். 1897 செப்டம்பரில் அது எம்பயரில் ஏறியது. முந்நூறு ஆட்டம் ஓடியது. இருபத்தைந்து வயதுக்குள் மோட் ஆடம்ஸ் நட்சத்திரம்.

இந்த இடத்தில் ஃப்ரோமன் ஒரு காரியம் செய்தார். பேட்டி கொடுக்காதே, விருந்துக்குப் போகாதே, மேடையில் மட்டும் தெரி என்றார். பார்வையாளர்களுக்கு அவர் ஒரு புதிராக இருக்க வேண்டும் என்பது வியாபாரக் கணக்கு. ஆனால் ஆடம்ஸின் சுபாவமே அதுதான். கூச்சம் அதிகம், தனிமை பிடிக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1901-ல் பிரெஞ்சு கற்றுக்கொள்ள பிரான்ஸின் தூர் நகரத்துக்குப் போனபோதுகூடக் கன்னியர் மடத்தில்தான் தங்கினார். ஊரறிந்த நடிகை ஒருவர் வீட்டுக்குள் யாருக்கும் தெரியாத மனுஷியாக இருந்தார். இதை ஃப்ரோமனின் விளம்பரத் தந்திரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பொருந்தவில்லை. ஃப்ரோமன் போன பிறகு முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்தார், அப்போதும் அப்படியேதான் இருந்தார்.

1899-ல் ஜூலியட்டாக நடித்தார், விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. 1900-ல் பிரெஞ்சு நாடகாசிரியர் எட்மோன் ரோஸ்தானின் 'லெக்லோன்' நாடகத்தில் நெப்போலியனின் மகனாக ஆண் வேடம் கட்டினார். பாரிஸில் அந்த வேடத்தைச் செய்தவர் சாரா பெர்னார்ட். அதே பருவத்தில் பெர்னார்டும் நியூயார்க் வந்து பிரெஞ்சில் அதே நாடகத்தைப் போட, ஒப்பீடு தவிர்க்க முடியாததாகிவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய நடிகைக்கு எதிரே நின்றுகொண்டு தன் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருக்கத் துணிச்சல் வேண்டும்.

இனி 'பீட்டர் பேன்'. பேரி இந்த நாடகத்தை எழுதிவிட்டு, பணம் பார்க்காது என்று தானே பயந்தார். இன்னொரு நாடகத்தையும் சேர்த்துக் கொடுத்து, இதில் நஷ்டம் வந்தால் அதில் ஈடுகட்டிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி ஃப்ரோமனிடம் நீட்டினார். ஃப்ரோமனோ படித்த நாளிலிருந்து பித்துப் பிடித்ததுபோல ஆகிவிட்டார். வழியில் நண்பர்கள் எதிர்ப்பட்டால் நிறுத்தி, காட்சிகளை நடுத்தெருவிலேயே நடித்துக் காட்டுவாராம்.

பையன் வேடத்தைப் பெண் கட்டுவது இங்கிலாந்தில் பாண்டோமைம் என்ற, சிரிப்பும் பாட்டும் கலந்த நாடகங்களில் பழகிப்போன வழக்கம். அமெரிக்காவில் பீட்டர் என்றால் ஆடம்ஸ்தான் என்பதில் ஃப்ரோமனுக்குச் சந்தேகமே இல்லை. ஆடம்ஸ் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு கேட்ஸ்கில் மலைப் பக்கம் போய் ஒரு மாதம் தனியாக இருந்து பாடம் செய்தார். 1905 நவம்பர் 6, எம்பயர் தியேட்டர். அன்றைக்கு அவருக்கு 33 வயது நிறைய ஐந்து நாள் பாக்கி. இடுப்பில் வார் கட்டி, கம்பியில் பறந்து, வளரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பையனாக நின்றார்.

நீங்கள் தையல் ஆசிரியை என்பதால் இரண்டு இடங்களைச் சொல்லியே ஆக வேண்டும். பீட்டரின் நிழல் பிய்ந்துபோய்விடும். சோப்புப் போட்டு ஒட்டப் பார்ப்பான், ஒட்டாது. வெண்டி என்ற சிறுமி ஊசி நூலை எடுத்து அதை அவன் காலோடு சேர்த்துத் தைத்துக் கொடுப்பாள். அப்புறம் அவனுக்கு முத்தம் தரட்டுமா என்று கேட்பாள். முத்தம் என்றால் என்னவென்று தெரியாத பையன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுவான். அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விரலிலிருந்த அங்குஸ்தானைக் கழற்றிக் கொடுப்பாள். இரண்டு காட்சியிலும் ஒரு தையல்காரியின் கை இருக்கிறது. உங்கள் மாணவிகளுக்குக் காலரோடு சேர்த்து இதையும் சொல்லலாம்.

நாடகத்தின் உயிர் இன்னொரு காட்சியில் இருக்கிறது. டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதைக்கு மேடையில் நடிகை கிடையாது. அங்குமிங்கும் தாவும் ஒரு ஒளிப்புள்ளி, கூடவே சின்ன மணிச் சத்தம், அவ்வளவுதான். பீட்டருக்கு வைத்த விஷத்தை அது குடித்துவிடுகிறது. ஒளி மங்குகிறது. அப்போது பீட்டர் மேடை முன்னால் வந்து நேராகப் பார்வையாளர்களிடம் கேட்க வேண்டும்: தேவதைகள் இருக்கிறார்கள் என்று நம்புகிறீர்களா, நம்பினால் கைதட்டுங்கள். லண்டனில் முதல் நாள் ஜனங்கள் சும்மா இருந்துவிடுவார்களோ என்று பயந்து, வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டும்படி இசைக்குழுவிடம் பேரி சொல்லி வைத்திருந்தார். அதற்கு அவசியமே வரவில்லை. பதிலே சொல்லாத ஒரு வெளிச்சப் புள்ளியைப் பார்த்துப் பேசி, அது சாகப் போகிறது என்று ஒரு கொட்டகை நிறைய ஜனங்களைப் பதறவைப்பதை எண்ணிப் பாருங்கள். உள்ளே நம்பாதவரால் அது முடியாது. ஆடம்ஸ் அதைச் சில ஆட்டங்களோடு விட்டுவிடவில்லை. நாடு முழுக்க ஊர் ஊராகப் போய், வருடங்கள் இடைவெளிவிட்டு மறுபடி மறுபடி போட்டு, ஆயிரத்து ஐந்நூறு ஆட்டங்களுக்கு மேல் பீட்டராக நடித்தார்.

பீட்டரோடு அவரை நிறுத்திவிடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. 1909 ஜூன் 22 அன்று ஹார்வர்ட் ஸ்டேடியத்தில், ஆமாம், கால்பந்து ஆடுகிற மைதானத்தில், ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் நாடகத்தில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்காக நடித்தார். ஒரே ஒரு இரவு. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மேடைக் கூட்டமாக நின்றார்கள், பார்க்க வந்தவர்கள் சுமார் 15,000 பேர். கவசம் பூட்டிக் குதிரை மேல் அவரே வந்தார். அந்த நிகழ்ச்சிக்காகச் செக் ஓவியர் அல்போன்ஸ் மூஹா வரைந்த ஓவியம் இன்றைக்கும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. அதில் அவர் கவசத்தில் இல்லை. பூக்களுக்கு நடுவே, காதில் ஏதோ குரல் கேட்டுத் திடுக்கிட்ட கிராமத்துப் பெண்ணாக இருக்கிறார். ஆடம்ஸின் முகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள எந்தப் புகைப்படத்தையும்விட அந்த ஓவியத்தைத்தான் நான் காட்டுவேன்.

1911-ல் ரோஸ்தானின் 'ஷான்ட்கிளேர்' நாடகத்தில் சேவலாக நடித்தார். பாரிஸில் ஆண் நடிகர் செய்த வேடம். தான் கூவுவதால்தான் சூரியன் உதிக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் சேவல். இது ஒரு பெண் செய்கிற வேடமா என்று விமர்சகர்கள் கேட்டார்கள். பார்க்க வந்தவர்கள் திரை விழுந்த பிறகும் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்துக் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் அவர் எப்படி? வெளிச்சம்தான் அவருடைய தனிப்பட்ட பித்து. விளக்கு ஒத்திகையைப் பிறரிடம் விட்டுவிட்டுப் போகிற நடிகை இல்லை. எந்தக் காட்சிக்கு எந்த நிறம், எந்தக் கோணம் என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பார். பாசெட் ஜோன்ஸ் என்ற மின்பொறியாளரோடு சேர்ந்து தன் நாடகங்களுக்கு ஒளியமைப்பை உருவாக்கினார். அன்றைய மேடைகளில் கீழே வரிசையாக வைத்த விளக்குகள் முகத்தில் அடிக்கும். மூக்கின் நிழல் நெற்றியில் ஏறும். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் மெதுவாக இறங்கும் ஒளிதான் காலை, மாலை என்று ஒரு பொழுதைக் காட்டும் என்பதை அவர் கண்ணால் பார்த்தே புரிந்துகொண்டவர்.

கூட நடிப்பவர்களுக்குச் சம்பளம் போதவில்லை என்று தெரிந்தால் தன் பணத்திலிருந்து கொடுப்பார். ஒருமுறை சுற்றுப்பயணத்தில், இவர் வருகிறார் என்றால் கொட்டகை நிறையும் என்று கணக்குப் போட்ட ஒரு கொட்டகைக்காரர் டிக்கெட் விலையை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டார். கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால்தான் இன்று மேடையேறுவேன் என்று சொல்லிவிட்டார் ஆடம்ஸ். கொடுத்த பிறகுதான் ஏறினார். அன்றைய அமெரிக்க மேடையில் மிக அதிகமாகச் சம்பாதித்தவர்களில் ஒருவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

1915 மே 7. லூசிட்டானியா கப்பல் அயர்லாந்துக் கரைக்குப் பக்கத்தில் ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு 18 நிமிடத்தில் மூழ்கியது. அதில் ஃப்ரோமன் இருந்தார். மூட்டுவலியால் கைத்தடி ஊன்றி நடந்தவர். தப்பிக்க ஓடவில்லை. மரணத்துக்கு ஏன் பயப்பட வேண்டும், வாழ்க்கை தரும் மிக அழகான சாகசம் அதுதானே என்ற அர்த்தத்தில் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னதாக, உயிர் தப்பிய நடிகை ரீட்டா ஜோலிவே சொன்னார். பாறை மேல் தனியாக நின்று, தண்ணீர் ஏறிக்கொண்டே வரும்போது பீட்டர் பேன் சொல்கிற வசனத்தின் சாயல் அது. ஆயிரத்து ஐந்நூறு தடவை ஆடம்ஸ் மேடையில் சொன்ன வசனம்.

நியூயார்க்கில் இறுதிச் சடங்கு நடந்த அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடம்ஸ் ஒரு நினைவுக் கூட்டம் நடத்தினார். அந்த வருடம் டிசம்பரிலேயே மறுபடி எம்பயரில் பீட்டராக மேடையேறினார். அந்த வசனம் வரும் இடத்தில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அடுத்த வருடம், 1916 மார்ச்சில், அம்மாவும் போய்விட்டார். குழந்தையாகத் தட்டில் வைத்து மேடைக்கு அனுப்பியவரும் இல்லை, பெரியவளாக மேடைக்கு அனுப்பியவரும் இல்லை. 1918-ல் கடுமையான இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வந்து படுத்தார். அதோடு மேடையை விட்டார். வயது நாற்பத்தாறுதான்.

வழக்கமாகக் கதை இங்கேயே முடிந்துவிடும்: நடிகை ஓய்வு பெற்றார், மறைந்துபோனார். ஆனால் 1920-களின் தொடக்கத்தில் அவர் போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடம். அங்கே பொறியாளர்களோடு உட்கார்ந்து, மேடைக்கும் சினிமாவுக்கும் தேவையான சக்தி வாய்ந்த இழை விளக்குகளை, அதாவது உள்ளே கம்பி இழை சூடேறி எரியும் பல்புகளை, உருவாக்கும் வேலையில் ஈடுபட்டார். அப்போது படப்பிடிப்புக்குப் பயன்பட்டது கார்பன் வில் விளக்கு, இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரிவது. கண்ணைப் பறிக்கும், இரைச்சல் போடும், அடிக்கடி கார்பனைச் சரிசெய்ய வேண்டும். இழை விளக்கு சத்தம் போடாது. 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, சத்தமில்லாத விளக்கு இல்லாமல் படப்பிடிப்பு நடக்காது என்ற நிலை வந்து, ஹாலிவுட் இழை விளக்குக்கு மாறியது. அந்தத் தேவையைச் சில வருடங்களுக்கு முன்பே உணர்ந்து ஆய்வுக்கூடத்தில் நின்றவர் ஒரு நாடக நடிகை. காலரைவிட இதற்காகவே அவர் பெயர் நிலைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

லாங் ஐலண்டில் ரொன்கோன்கோமா என்ற ஊரில் அவருக்கு ஒரு பெரிய பண்ணை வீடு இருந்தது. 1922-ல் அதைக் கத்தோலிக்கக் கன்னியர் மடத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் கத்தோலிக்கராக மாறியவர் இல்லை. அங்கே கிடைத்த அமைதிக்காகக் கொடுத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1931-ல் ஒரு முறை திரும்பி வந்தார். 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஓடிஸ் ஸ்கின்னர் ஷைலக், இவர் போர்ஷியா. ஊர் ஊராகப் போனார்கள். 1934 கோடையில் ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்', அதோடு சரி. 1937-ல் மிசூரியின் கொலம்பியாவில் இருக்கும் ஸ்டீபன்ஸ் பெண்கள் கல்லூரியில் நாடகத் துறைக்குத் தலைமை ஏற்றார். மறு வருடம் ஒரு ஹாலிவுட் படத்துக்காகத் திரைச் சோதனை எடுத்துப் பார்த்தார்கள், வேடம் வேறொருவருக்குப் போயிற்று. எந்தத் திரைப்படத்திலும் அவர் நடிக்கவில்லை. அவருடைய பீட்டரை இனி யாரும் பார்க்க முடியாது. அந்தச் சோதனைப் பதிவும் புகைப்படங்களும் மட்டும்தான் மிச்சம்.

1905 முதல் அவருக்குச் செயலாளராகவும் தோழியாகவும் இருந்தவர் லூயிஸ் பாய்ண்டன். 46 வருடம் கூடவே இருந்துவிட்டு 1951-ல் இறந்தார். 1953-ன் மே மாதத்தில் எம்பயர் தியேட்டரில் கடைசி ஆட்டம் நடந்து, கொட்டகையை இடிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஜூலை 17 அன்று, முன்பு பீட்டரைப் பாடம் செய்த அதே கேட்ஸ்கில் மலைப் பகுதியில், டானர்ஸ்வில்லில், மோட் ஆடம்ஸ் தன் 80-வது வயதில் இறந்தார். ரொன்கோன்கோமாவில் மடத்துக்குக் கொடுத்த நிலத்திலேயே, லூயிஸ் பாய்ண்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.